அண்ணா, அப்பாவின் வண்டியை விற்றுவிட்டேன்

அண்ணா,

நேற்று வண்டியைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் விற்றதில் வருத்தம் இருந்தால் மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் ‘பார்க்கலாம்’ என்று இன்னும் ஒரு வருஷம் ஷெட்டில் நிற்க வைத்திருப்பாய்.

சாவியைக் கொடுக்கும்போது அந்த வால்பாறை மழைதான் ஞாபகம் வந்தது. ஆழியாரிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்று. ரோடெல்லாம் ஈர இலை. நான் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு, கார் படத்துக்குக் கீழே நெளிநெளியாய் இரண்டு கோடு, சிமிட்டத் தொடங்கியது. வண்டி திணறியது. “என்னமோ போயிருச்சு!” என்று கத்திவிட்டு, நீயே கையை நீட்டிப் பட்டனை அழுத்தினாய். சிமிட்டல் நின்று, ‘ஆஃப்’ என்ற விளக்கு நிலையாய் எரிந்தது. “பாரு, சரியாயிருச்சு.” பின்சீட்டில் அப்பா அப்படிச் சிரித்தார்.

சரியாகவில்லை, அண்ணா. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோலை நீ அணைத்துவிட்டாய். சிமிட்டினால் அது வேலை பார்க்கிறது என்று அர்த்தம். நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்சக்கரம் ஒன்று வழுக்கி வேகமாய்ச் சுற்றினால், அதற்கு மட்டும் பிரேக் பிடித்து எஞ்சின் இழுவையையும் குறைக்கும். திணறல் அதனால்தான். சேற்றில் புதைந்தால் அணைக்கலாம், சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வெளியே வரும். மழையில் மலை ஏறும்போதா அணைப்பார்கள்? அன்றே சொல்லியிருப்பேன். “பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா” என்று நீ ஆரம்பித்துவிட்டாய்.

அப்புறம் அதே விளக்கு ஏ.பி.எஸ். விளக்கோடு சேர்ந்து அணையாமல் எரிந்ததே, அதற்கும் என் ஓட்டுதான் காரணம் என்று வீட்டில் ஒரு பேச்சு. யார் சொன்னது என்று இங்கே எழுதவில்லை, சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள். மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சென்சார் ஒயரை எலி கடித்து, செம்புக் கம்பி பிரிந்து கிடந்தது. ஒரு சக்கரத்தின் வேகம் தெரியாமல் மற்றதோடு எப்படி ஒப்பிடும்? டிராக்ஷன் கன்ட்ரோல், ஏ.பி.எஸ். இரண்டும் தானே ஒதுங்கிக்கொண்டன. சாதாரண பிரேக் நன்றாகவே பிடித்தது. நிற்கிற வண்டியில்தான் எலி குடியேறும். நிற்க வைத்தது யார்?

டாஷ்போர்டு பெட்டியில் நீ அப்பாவுக்கு டயர் காற்று அளவு எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. வாங்கியவர் கேட்டார், கொடுக்கவில்லை. வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பாதிப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். போன தடவை மாதிரி திருப்பி அனுப்பாதே.