தோட்டத்துக்கு எந்தச் செருப்பு? பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. பாத்தி கட்டியிருக்கும் அழகை அம்மா திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கண் மட்டும் நேராக உன் காலுக்குப் போனது. கையில் மண்வெட்டி, காலில் இன்றைக்கோ நாளைக்கோ வார் அறுந்துவிடும் போலிருக்கும் ஒரு ரப்பர் செருப்பு. தோட்ட வேலைக்கென்று தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது என்று நீயே கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, பார்க்கிறேன்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாங்கத்தான் வேண்டும். அதுவும் இரண்டு ஜோடி. ஒன்று பின்வாசலிலேயே கிடக்க வேண்டும். குனியாமல், கை படாமல், காலை நுழைத்துக்கொண்டு போகிற மாதிரி. இன்னொன்று மண்ணை வெட்டும் நாளுக்கு, கணுக்காலை மூடி, கொஞ்சம் மெனக்கெட்டுப் போட்டுக்கொள்வது. எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று நல்லதாக ஒரே ஒரு ஜோடி வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? அது அலமாரியில் பத்திரமாக இருக்கும். நீ "குழாயை மட்டும் மூடிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று வெறுங்காலோடு போவாய். போன இடத்தில் ஒரு களை கண்ணில் படும். அதைப் பிடுங்குவாய். பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் குச்சியை நிமிர்த்துவாய். அரைமணி நேரம் ஓடியிருக்கும். வெட்டு வேலைக்கு இறங்கும்போது எல்லோருக்கும் கொஞ்சம் ஜாக்கிரதை வந்துவிடுகிறது. இந்த "மட்டும்" என்று சொல்லிப் போகிற நேரத்தைத்தான் நான் நம்ப மாட்டேன்.

முதலில் வெட்டு வேலைக்கான ஜோடியைச் சொல்லிவிடுகிறேன், உன்னை அந்தக் கோலத்தில் பார்த்ததால். மண்வெட்டியை ஓங்கிப் போடும்போது அதன் தகடு உன்னை நோக்கித்தான் வருகிறது. இளகின மண்ணாக இருந்தால் உள்ளே இறங்கி நின்றுவிடும். கல்லிலோ பழைய வேரிலோ பட்டால் எகிறும், இல்லை வழுக்கிக்கொண்டு முன்னே வரும். அங்கே இருப்பது முன்வைத்த காலின் பெருவிரல். ஈரத்தில் செருப்பு வழுக்கி, கால் ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டாலும் அப்படித்தான். கடப்பாரை, மண் நிரம்பிய தொட்டி, பாத்தி ஓரத்துக்குக் கொண்டுவரும் கல் எல்லாம் கைதவறினால் விழுகிற இடமும் அதே விரல்தான். ஆகவே விரல் பக்கம் கெட்டியாக மூடியிருக்க வேண்டும்.

விரலுக்கு மேல் இரும்புக் கவசம் வைத்த பாதுகாப்பு ஷூக்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஐஎஸ்ஓ 20345 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. அதன்படி அந்தக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது என்று வைத்துக்கொள். உள்ளே இருக்கும் குறியீட்டையும் பார்த்து வாங்கு. எஸ்1, எஸ்2 என்று மட்டும் போட்டிருந்தால் விரலுக்குக் கவசம் உண்டு, அடியில் ஆணி ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. எஸ்3 என்றால் இரண்டும் உண்டு. முழுக்க ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த பூட்ஸாக இருந்தால் அதற்கு நிகரான குறியீடு எஸ்5. வாரம் தவறாமல் வெட்டப்போகிறாய் என்றால் இந்த இரண்டில் ஒன்று. எப்போதாவது ஒரு பாத்தி என்றால் இவ்வளவு கனம் தேவையில்லை. முன்பக்கம் கெட்டியான, அடி தடித்த தோல் ஷூ போதும்.

ஆனால் அந்தக் கவசத்தில் ஒரு தொல்லை உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். குந்தி உட்கார்ந்து களை எடுக்கும்போது கால் விரல்கள் மடங்குமே, அந்த இடத்தில் கவசத்தின் பின் விளிம்பு விரலை அழுத்தும். கம்பூட்ஸ் என்கிற உயரமான ரப்பர் பூட்ஸ் என்றால் மேல்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் வெட்டும். நின்று பார்த்து, நாலடி நடந்து பார்த்து வாங்கிவிட்டால் இதெல்லாம் தெரியாது. கடையிலேயே குந்தி உட்கார்ந்து பார். நாலு பேர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். களையெடுப்பதுதான் உனக்கு அதிக வேலை என்றால் கெண்டைக்காலின் பாதிவரை வரும் குட்டையான பூட்ஸ் எடு.

அடியையும் கையால் சோதித்துப் பார். முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நட்டநடுவில், உள்ளங்கால் வளைவில் மடங்கினால் அது தோட்டத்துக்கு ஆகாது. மண்வாரியைக் காலால் மிதித்து இறக்குகிறோமே, உடம்பின் பாரமெல்லாம் அந்த வளைவில் ஒரு மெல்லிய விளிம்பின் மேல்தான் விழுகிறது. அடி மெத்தென்று இருந்தால் மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது தெரியும்.

நீ பழைய ஓட்டப்பயிற்சி ஷூவைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிடலாமா என்று யோசிப்பாய் என்று தெரியும். வேண்டாம். மேலே வலைத்துணி, தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். அடியில் நுரை, முள்ளும் ஆணியும் சுலபமாக ஏறும். இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நுரை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்கும். ஆணி அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும்போது கிருமியையும் சேர்த்து எலும்புவரை கொண்டுபோய்விடலாம். ரப்பர் அடியுள்ள இந்த வகை ஷூக்களோடு இந்தத் தொற்றை மருத்துவர்கள் தனியாகவே சேர்த்துப் பேசுவார்கள்.

ஆணி என்றதும் டெட்டனஸ்தான் நினைவுக்கு வரும். துருப்பிடித்த இரும்பால் வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். துரு அதற்குக் காரணமில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் எருவிலும் இயல்பாகவே இருக்கின்றன. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் கிடைத்தால் அங்கே வளரும். சுத்தமான முள்ளாக இருந்தாலும் மண்ணில் கிடந்ததென்றால் அதே கதைதான். வெறுங்காலோடு மண்ணில் நடக்கிற சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கொக்கிப்புழு உள்ள மண்ணில் அதன் குஞ்சுகள் நல்ல தோலையே துளைத்து உள்ளே போகும், காயமே தேவையில்லை. எலி நடமாடும் இடத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் வேறு.

சரி, எதனால் செய்ததை வாங்குவது? ரப்பர் பூட்ஸ் தண்ணீருக்கும் சேற்றுக்கும் நல்லது, நன்றாக வளைந்து கொடுக்கும், பிடிமானமும் உண்டு. சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்ததால்தான் அப்படி ஒன்றே சாத்தியமானது. அதற்கு முன் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். பதப்படுத்திய பிறகும் வெயில்தான் அதற்கு எதிரி. கழுவிவிட்டு வெயிலில் போட்டு வைத்தால் நாளடைவில் மடிப்புகளில் கீறல் விடும். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்படாதே, அது உள்ளே இருக்கும் பொருள்கள் மேலே கசிந்து வருவது, துடைத்தால் போய்விடும். பெட்ரோலும் எண்ணெயும் மட்டும் படக்கூடாது. பிவிசி பூட்ஸ் விலை மலிவு, ஆனால் குளிரில் கட்டை மாதிரி விறைக்கும். தோல் ஷூவில் கால் மூச்சு விடும், நாள் முழுக்கப் போட்டிருக்கலாம். ஈரமானால் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் காய வை, அடுப்புப் பக்கத்தில் வைத்தால் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் அடி போட்ட ஷூ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழைய சரக்கென்று தெரிந்தால் வாங்காதே. போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் பட்டுப்பட்டு வருடக்கணக்கில் அந்த அடி மக்கிப்போகும். ஒருநாள் நடக்கும்போது பொலபொலவென்று உதிரும்.

பின்வாசல் ஜோடிக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். இவிஏ என்ற லேசான பிளாஸ்டிக் நுரையில் வார்த்த, முன்பக்கம் மூடிய செருப்பு போதும். இறகு கனம்தான் இருக்கும், குழாயடியில் காட்டினால் சுத்தம். மேலே ஓட்டை போட்டது வேண்டாம், மண்ணும் எறும்பும் உள்ளே வரும். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்று, செடியைச் சுற்றிப் பார், பூவைப் பறி. புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடாதே. ஏணியிலும் ஏறாதே. ஏணிக்குக் குதிகாலில் ஒரு படி வைத்த, காலைவிட்டுக் கழலாத ஷூ வேண்டும்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போ. நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் வேலை செய்யும்போது இருக்கும் அளவு. தோட்டத்தில் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போ. இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குப் பொருந்துவதை எடு. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கம்பூட்ஸில் குதிகால் லேசாக எழும்புவது சகஜம், ஆனால் சேற்றில் ஊன்றினால் பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டுக் கால் மட்டும் வெளியே வந்துவிடும் அளவுக்குத் தளர்வாக இருக்கக் கூடாது.

அடியில் இருக்கும் வெட்டுகள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் சேறு தானாக உதிரும். நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு, பிறகு சமதரையிலும் வழுக்கும். ஆழமான வெட்டுக்கு ஒரு வேலை கூடுதல்: ஒரு பாத்தி மண்ணை அடுத்த பாத்திக்கு நன்றாகவே சுமந்து போகும். செடி வாடி, வேர் அழுகிய இடத்தில் நின்றுவிட்டு அப்படியே நல்ல பாத்திக்குப் போகாதே. வேரழுகல் பூஞ்சை, நூற்புழு எல்லாம் பூட்ஸில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்பவை. பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து எடுத்து, கழுவிவிட்டுப் போ.

மருந்து தெளிக்கும் நாளில் தோல் ஷூவும் துணி ஷூவும் கூடாது, மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துணி உள்ளடுக்கு இல்லாத பூட்ஸ்தான் அதற்குச் சரி. பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகாதே, வெளியே விடு. செருகினால் மேலே தெறித்ததெல்லாம் வழிந்து பூட்ஸுக்குள்ளேயே இறங்கும். வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றும் முன்பே வெளிப்பக்கத்தைக் கழுவிவிடு.

அப்புறம், போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டு. இதைச் சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லியிருக்கிறேன். தேள், பூரான், தவளை எதற்கும் இருட்டான ஈரமான பூட்ஸ் நல்ல வீடு. தட்டினால் மட்டும் போதாது, பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். உள்ளே வெளிச்சம் அடித்தும் பார். கையை மட்டும் விடாதே. இரண்டு குச்சிகளை நட்டு அதில் தலைகீழாக மாட்டி வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், உள்ளேயும் காயும். ஈர பூட்ஸையே தினமும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், சாக்ஸைத் தினம் மாற்று.

மாப்பிள்ளையும் வெட்ட வருவாரென்றால் அவருக்குத் தனியாக ஒரு ஜோடி வாங்கிவிடு. உன்னுடையதில் காலை நுழைத்து இரண்டே நாளில் பெரிதாக்கிவிடுவார்.

கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று உன் அட்டையைத் தேடிப் பார்த்து எழுது. 10 ஆண்டு ஆகியிருந்தால் ஷூ வாங்கப் போகும் அன்றைக்கே அதையும் போட்டுக்கொண்டு வந்துவிடு.

அன்புடன்,
அப்பா