உன் தோழி கேட்ட கேள்விக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னாலேயே எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று போன வாரம் கேட்டாய். யாருக்கு என்றேன். அலுவலகத்தில் ஒரு தோழிக்கு என்றாய். சரி, தோழிக்கே பதில் சொல்கிறேன், நீ அவளிடம் சொல்லிவிடு.

பிடிப்பது பெரிய தொகையாக இருக்காது. பணம் எவ்வளவு காலம் கிடந்ததோ அந்தக் காலத்துக்கு உரிய வட்டியைப் போட்டு, அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் பொதுவான வழக்கம். எவ்வளவு கழிப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், போட்டபோது கொடுத்த தாளில் இருக்கும். சில வகை வைப்பை நடுவில் எடுக்கவே விடமாட்டார்கள், அதையும் முதலில் பார்க்கச் சொல். வைப்பை ஈடாக வைத்துக் கடன் வாங்கும் வழியும் பல இடங்களில் உண்டு. முதிர்வுக்கு இன்னும் ஓரிரு மாதம்தான் என்றால் அதை யோசிக்கலாம், மற்றபடி தேவையில்லாத சுற்று.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். எதற்காக எடுக்கிறாள் என்பதுதான் கேள்வி. அதை நான் கேட்கவில்லை. கிரெடிட் கார்டு பாக்கிக்காக இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவசரமாக, யாருக்கும் தெரியாமல், வைப்பின்மேல் கை போவது பெரும்பாலும் அதற்குத்தான். அப்படியென்றால் அவளை உட்காரவைத்து ஒரே ஒரு கணக்கைப் போடச் சொல். மாதம் 3 சதவீத வட்டி என்று அட்டைக்காரர்கள் சொல்வார்கள், கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகிறது. பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்களே, பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள். பாக்கி 100. புதிதாக எதுவுமே வாங்காமல் ஒரு வருடம் முழுக்க அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால், கையை விட்டுப் போனது 55 ஆக இருக்கும், பாக்கி இன்னும் 77 நிற்கும். நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதே விடைதான். தாமதக் கட்டணம், வரி எதுவும் இதில் சேரவில்லை. இன்னொன்று, பாக்கியைச் சுமந்துகொண்டே போகும்போது புதிதாக வாங்குவதற்குக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்களும் பல அட்டைகளில் போய்விடும், வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஒழுங்காகத்தானே கட்டுகிறோம், ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று ராத்திரி உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுதான் காரணம், உன்மேல் குற்றம் இல்லை. அவள்மேல் என்று எழுத வந்தேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே. செலவைப் பற்றியும் கேட்காதே, காப்பீட்டில் வந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்து உன்னிடம் என்ன சொல்லி வந்திருக்கிறேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. வைப்பைத் தொடாதே, வீடு பற்றி எரிந்தாலும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். சித்தப்பா கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று நீயே கேலி செய்வாய். அதை மறுபடி ஆரம்பிக்கவில்லை. ஆனால் நான் சொன்னதை நீ இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் வைப்பு சொற்ப வட்டியில் தூங்க, மறுபக்கம் 42க்குக் கடன் சுமக்கிறாயோ என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் தெளிவாக எழுதுகிறேன். அட்டைப் பாக்கிக்கு என்றால் வைப்பை உடை. இந்த வாரமே உடை. அப்பா என்ன சொல்வாரோ என்று பார்க்காதே. அது உன் பெயரில் போட்டது, உன் பணம். வேறு எதற்காகவாவது என்றால், யாருக்காவது கைமாற்றாகக் கொடுக்க, யாரோ இரட்டிப்பாகும் என்று சொன்னதில் போட, அதற்கு என்றால் தொடாதே.

முழுதும் அடைத்துவிடாதே. ஒரு மாத அடிப்படைச் செலவுக்கு ஆவதைத் தனியே நிறுத்திக்கொண்டு மீதியைக் கட்டு. கையில் ஒன்றுமே இல்லாமல் அடைத்தால் அடுத்த மாதம் ஏதாவது ரிப்பேர் வரும், மறுபடி அதே அட்டையைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

அடைத்த பிறகு என்ன என்பதுதான் முக்கியம். நீ வாங்கும் சம்பளத்தை நான் என் வேலைக்காலம் முழுக்கக் கண்ணால் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் யாரிடம் பேசினாலும் உன் பேச்சை இழுத்து வந்துவிடுகிறேன் என்று அம்மா திட்டுகிறாள். ஆனால் எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழுந்து, ஒரே கணக்கிலிருந்து போகிறது என்றால் எவ்வளவு வந்தாலும் போதாது. இருப்பைப் பார்க்கும்போது நிறைய இருப்பதுபோலத் தெரியும், அதில் பாதி ஏற்கெனவே இன்னொருவருக்குப் போகவேண்டியது என்பது தெரியாது. அதனால் பிரித்து வை. ஒரே கணக்குக்குள் தனித்தனி உண்டியல் மாதிரி பிரித்துப் பெயர் வைக்கும் வசதி இப்போது பல வங்கிச் செயலிகளிலேயே இருக்கிறது. இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கு திற, அதற்கு அட்டை வாங்காதே. சம்பளம் வந்த அன்றே தானாகப் பிரிந்து போகும்படி உத்தரவு கொடுத்துவிடு. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது, எனக்கும் மிஞ்சியதில்லை.

எத்தனை உண்டியல் என்று கேட்பாய். பத்துப் பன்னிரண்டு வேண்டாம், ஆரம்பத்தில் ஆசையாகப் பிரித்துவிட்டு மூன்றாம் மாதம் எது எதற்கு என்று தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பாய். வாடகை, மின்கட்டணம், கடன் தவணை இவற்றுக்கு ஒன்று. அவசரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைக்கான அடிப்படைச் செலவு அதில் சேரும்வரை விடக் கூடாது. சம்பளத்தின் மடங்கு என்று எண்ணி மலைத்துப்போகாதே, செலவின் மடங்குதான்.

மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. வருடத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை வரும் செலவு. காப்பீடு, குட்டியின் பள்ளிக் கட்டணம், வண்டியின் வேலை, ஊருக்கு வந்து போகும் டிக்கெட், விசேஷங்கள். இதெல்லாம் திடீரென்று வந்துவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம், தேதி கூட மாறுவதில்லை. போன வருடக் கணக்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இப்படி வந்ததையெல்லாம் கூட்டி 12 ஆல் வகு, மாதாமாதம் அதைப் போடு. ஆனால் ஒரு இடத்தில் கவனம். கட்டணம் வர ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால் அதை ஐந்தால் வகுக்க வேண்டும், பன்னிரண்டால் இல்லை. அதனால் முதல் வருடம் கழுத்தை நெரிக்கும், இரண்டாம் வருடத்திலிருந்து இறங்கிவிடும். இது தெரியாமல்தான் பலர் மூன்று மாதம் பார்த்துவிட்டு, நமக்கு இது சரிவராது என்று விட்டுவிடுகிறார்கள்.

பிரித்துவைத்தால் மட்டும் என்ன, பணம் அதே பணம்தானே என்று மாப்பிள்ளை கேட்பார், அவர் கணக்கில் புலி. ரிச்சர்ட் தாலர் என்று ஒரு பொருளியலாளர், 2017 இல் நோபல் வாங்கியவர், அவர் ஆராய்ந்தது இதைத்தான். எல்லாப் பணமும் ஒன்றுதான் என்று தெரிந்தும் மனிதர்கள் மனதுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்து, சம்பளப் பணத்தை ஒரு மாதிரியும் சும்மா வந்த பணத்தை வேறு மாதிரியும் செலவழிக்கிறார்கள். பெயர் வைத்த பணத்தின்மேல் கை போகக் கூசும், அந்தக் கூச்சத்தைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். அதே கூச்சம்தான் வைப்பை உடைக்கவிடாமல் 42க்குக் கடன் சுமக்கவும் வைக்கிறது. ஆகவே உடை என்று மறுபடி சொல்கிறேன்.

செலவைக் குறைப்பதில் நீ அம்மா மாதிரி. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவாய், பிறகு ஒரு நாள் மொத்தமாகச் சேர்த்து வாங்கித் தீர்ப்பாய். சில்லறைச் செலவில் கழுத்தைப் பிடிக்காதே. வாடகை, வண்டி, கடன் தவணை, இந்த மூன்றில் ஒன்றைக் குறைக்க முடிந்தால் அது மாதாமாதம் தானாக மிச்சமாகும், ஒரு தடவை மனதைத் தேற்றிக்கொண்டால் போதும். அப்புறம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா எத்தனை ஓடுகிறது என்று பார். இலவச மாதம் என்று சேர்ந்துவிட்டு மறந்தது கண்டிப்பாக இருக்கும். கடைச் செயலிகளில் அட்டை எண் சேமித்து வைத்திருந்தால் அழித்துவிடு. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அட்டையை எடுத்து எண்ணைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கும். வட்டியில்லாத் தவணை என்பதை நம்பாதே. செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதா, மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி போகிறதா, இரண்டையும் பார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொரு சின்ன உண்டியல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. மற்றதெல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடன் அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றால் அடைத்த பிறகு சொல்லலாம் என்று நினைக்காதே, அடைப்பதற்கு முன்னால் சொல். அவர் கோபப்படுவார், இரண்டு நாள் பேசமாட்டார். அத்தை வீட்டுக் கல்யாணத்தின்போது எவ்வளவு கோபப்பட்டார், மறுநாள் தானே வந்து பந்தியில் நிற்கவில்லையா. கோபத்தைவிட ஒளிக்கிற விஷயம்தான் ஒரு வீட்டை அரிக்கும்.

எங்களுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன மாதம் தள்ளி வந்தது, இந்த மாதம் இரண்டாகப் பிரிந்து வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அம்மாவிடம் வங்கியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து அனுப்பாதே. என் ஓய்வூதியத்தில் எங்களுக்கு ஓடுகிறது, நீ அனுப்பியதில் பெரும்பகுதி தொடாமல்தான் கிடக்கிறது. பாக்கி தீர்ந்து அந்த அவசர உண்டியல் நிறைகிறவரை அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அதனால் இரண்டு பேருக்கும் வீண் வேலை. ரோஷப்படாதே. உன் ரோஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

வைப்பின் ரசீது நகல் என்னிடம் இருக்கிறது, எண் வேண்டுமென்றால் சொல்கிறேன். மதியம் அம்மா படுத்த பிறகு கூப்பிடு, இரண்டு மணிக்கு மேல் போனை நான்தான் எடுப்பேன். கூப்பிடும்போது அட்டையின் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொள், கடைசி மூன்று மாதத்தையும்.

அப்பா