அக்டோபர் கிரேக்கப் பயணம்: எபிடாரஸ் எதற்கு, சாந்தொரினி ஏன் இல்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஹாஃப் டேர்ம் விடுமுறையில் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இயர் 7 முதல் இயர் 10 வரை படிக்கும் பிள்ளைகளைக் கிரேக்கத்துக்கு அழைத்துப் போகிறோம் என்ற செய்தி போன சனிக்கிழமையே கார் பார்க்கில் பரவிவிட்டது. அன்று இரவுக்குள் எனக்கு வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: சாந்தொரினி தீவு உண்டா? இல்லை. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பி வர இன்னொரு ஐந்து, நடுவில் நீல மாடத்தோடு நாலு செல்ஃபி. அதைக் குடும்பமாகப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் போவது 26 திங்கள் முதல் 30 வெள்ளி வரை. ஏதென்ஸில் இறங்கியதும் நேராக நாஃப்ப்ளியோ என்ற சின்னக் கடற்கரை ஊருக்குப் போய் அங்கே தங்குகிறோம். செவ்வாய் முழுவதும் எபிடாரஸ் என்ற பழங்கால நாடக அரங்கம். புதன் மதியம் மைசீனி என்ற பழங்காலக் கோட்டை நகரம், வியாழன் ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் என்ற கோயில் குன்று, வெள்ளி விமானம். அவ்வளவுதான். 'ஒரு தியேட்டருக்கு ஒரு முழு நாளா சார்?' என்று ஒரு அப்பா கேட்டார். கேட்டது நியாயம்தான், இந்தக் கடிதமே அவருக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முன்பு வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது நான்கு நாளில் பதினொரு இடம் காட்டிய பயணம் ஒன்றில் நானும் போனேன். காலை ஆறு மணிக்கு எழுப்பி, கோச்சில் ஏற்றி, இறக்கி, எண்ணி, ஏற்றி, மறுபடி எண்ணி... திரும்பி வந்து எழுதச் சொன்னால் ஒரு பையன் கோச்சில் எந்த சீட்டில் யூஎஸ்பி வேலை செய்யவில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் அதிக நேரம் பார்த்தது அதைத்தான். அதனால் இந்த முறை இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டியிருக்கிறேன்.

இனி எபிடாரஸ். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஒரு மலைச்சரிவைக் குடைந்து கட்டிய திறந்தவெளி அரங்கம் அது, மொத்தம் 55 வரிசை, கீழே 34, நடுவில் ஒரு நடைபாதை, மேலே 21. மேல் பகுதியைப் பிற்பாடு கூட்டினார்கள் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பதின்மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பல நூற்றாண்டு மண்ணுக்கடியில் கிடந்ததால்தான் இவ்வளவு நல்ல நிலையில் தப்பியது, 1881இல் பனாயிஸ் கவ்வாதியாஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். 1955 முதல் கோடைதோறும் அங்கே நாடக விழா நடக்கிறது. இன்றைக்கும் ஓடுகிற அரங்கம் என்பதுதான் நம் நாடகக் குழுப் பிள்ளைகளுக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்த முதல் காரணம்.

இரண்டாவது காரணம் சத்தம். நமக்கு விலை அனுப்பிய பயண நிறுவனம் ஒன்றின் துண்டுப்பிரசுரத்தில், மேடையில் குண்டூசி விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்று போட்டிருக்கிறது. 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் அங்கே கருவிகளை வைத்து அளந்தே பார்த்துவிட்டார்கள். காசு விழும் சத்தம் மேல்வரை ஏதோ சத்தமாகக் கேட்கிறது, ஆனால் அது காசுதான் என்று பாதித் தூரம் வரைக்கும்தான் தெரிகிறது. கிசுகிசுப்பு முன்வரிசைகளைத் தாண்டுவதில்லை. நடிகர் குரலை உயர்த்திப் பேசினால் கடைசி வரிசைவரை வார்த்தை புரிகிறது. ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் இதுவே பெரிய விஷயம், இதற்கு மேல் எதற்குக் குண்டூசி? படிபடியாக இருக்கும் கல் இருக்கைகள் தாழ்ந்த சுருதிச் சத்தங்களை, அதாவது கூட்டத்தின் முணுமுணுப்பு மாதிரியானவற்றை, அமுக்கி விடுகின்றன என்று 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நாமே சோதித்துப் பார்ப்போம். எங்கள் திட்டம் இது: ஒரு பிள்ளை கீழே வட்டத்தின் நடுவில் நிற்கும், மற்றவர்கள் 1, 34, 55ஆம் வரிசைகளில் பேப்பரும் பென்சிலுமாக உட்காருவார்கள். நடுவில் நிற்பவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் கேட்டதை எழுத வேண்டும். சொற்கள் எல்லாம் ஒலி, ஒளி, ஒழி ரகம். வீட்டில் வாழைப்பழத்தை 'வாலப்பலம்' என்று சொல்லித் தப்பிக்கும் ஆட்கள், 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நண்பன் என்ன எழுதினான் என்று பார்த்தால் போதும், ஒரு டேர்ம் முழுக்க நான் கத்துவதைவிட அது வேலை செய்யும். முதலில் சாதாரணக் குரல், அப்புறம் உயர்த்திய குரல். பாட்டு, ஆட்டம், ரீல்ஸ் எதுவும் கிடையாது. மற்ற பயணிகளும் இருப்பார்கள், காவலர் நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிடுவோம்.

மதியத்துக்கு மேல் பக்கத்திலேயே அஸ்க்ளீபியஸ் கோயில் வளாகம். இது வைத்தியக் கடவுளின் இடம், நோயாளிகள் ஒரு நீண்ட மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்கள், கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார் என்று நம்பிக்கை. குணமான கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது யூஃபனீஸ் என்ற பையனுடைய கதை. கல் அடைப்பு நோயோடு தூங்கியவனின் கனவில் கடவுள் வந்து, 'குணப்படுத்தினால் எனக்கு என்ன தருவாய்?' என்று கேட்கிறார். 'பத்துக் கழங்கு தருகிறேன்' என்கிறான் (ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடும் ஆட்டம், அவனிடம் இருந்த சொத்து அதுதான் போலிருக்கிறது). கடவுள் சிரித்துவிட்டார், விடிந்ததும் பையன் குணமாகி வெளியே போனான் என்று முடிகிறது. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக் கல்வெட்டில் இப்படி ஒரு பேரம்!

புதன்கிழமை 28ஆம் தேதி 'ஓஹி' நாள். 1940இல் இத்தாலியின் கெடுவுக்குக் கிரேக்கம் முடியாது என்று சொன்னதன் நினைவாகத் தேசிய விடுமுறை. காலையில் பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்புக்காகத் தெருக்களை மூடுவார்கள், கோச் நகராது, அதனால் நாமும் நின்று பார்க்கப் போகிறோம். அன்றைக்கு அரசின் தொல்லியல் தலங்களில் நுழைவு இலவசம் என்பதால்தான் மைசீனியை அன்றைக்கு வைத்தேன். கூட்டமும் இருக்கும், தெரிந்தேதான் எடுத்த முடிவு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. இதைத் தயவுசெய்து மேலோட்டமாகப் படிக்காதீர்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், ஆனால் கிரேக்கத்தை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், அது முடிந்துபோனதை ஏர்போர்ட்டில் கண்டுபிடித்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தாலும் ஷெங்கன் விசா (கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அப்பா அம்மா இருவரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். பள்ளியின் கடிதத்தை நான் தருகிறேன், ஆனால் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டுச் செப்டம்பரில் வந்து கேட்காதீர்கள். ஐரோப்பாவில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற என்ஹெச்எஸ் தரும் ஜிஹெச்ஐசி அட்டை இலவசம், காசு கேட்கும் வெப்சைட்டில் எடுத்து ஏமாற வேண்டாம்.

பிடிமானமுள்ள ஷூ வேண்டும், மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்புக்கல் சறுக்கும். ஹீல்ஸ் கூடாது. தரையில் கிடக்கும் ஒரு சில்லைக்கூட நினைவுக்கு என்று பையில் போடக் கூடாது, அங்கே அது சட்டப்படி குற்றம், இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

தொகையை அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நடக்கும் கூட்டத்தில் சொல்கிறேன், மூன்றாவது நிறுவனத்தின் விலை இன்னும் வர வேண்டும். தவணையில் கட்டலாம். பணம்தான் தடை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், விஷயம் என்னைத் தாண்டாது.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு ஹாஃப் டேர்ம் வேறு வாரத்தில் வந்தால் உடனே தெரியப்படுத்துங்கள். அப்புறம், அந்தச் சொற்பட்டியலை முன்கூட்டியே அனுப்ப முடியுமா, வீட்டில் பழக்கி விடுகிறேன் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். முடியாது அம்மா. மேலே எழுதிய மூன்று சொல்லையும் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

அன்புடன்,
தலைமையாசிரியர்