பேரிங் மாறாத விளக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் அத்தனையும் வரி பிசகாமல் மனப்பாடமாகிவிட்டன என்றும், ஆனால் வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில் மேசைமேல் இரண்டு பொம்மைக் கப்பல்களை வைத்து "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டால் நா எழவில்லை என்றும் எழுதியிருந்தாய். மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1972-இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடப்பில் இருக்கும் அந்த விதிகளில் ஒவ்வொரு சொல்லும் எடை பார்த்து வைக்கப்பட்டது. சொல்லை மாற்றினால் பெரும்பாலும் பொருளும் மாறிவிடும். ஆனால் நீ அவற்றை உன் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நின்றபடி மட்டுமே படிக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரே வரும் கப்பலின் பிரிட்ஜில் நிற்பவருடைய கண்ணால் ஒவ்வொரு விதியையும் ஒருமுறை படித்துப் பார். உன் பெயரோ மொழியோ அறியாத அவர், இருட்டில் தெரியும் சில விளக்குகளை மட்டும் வைத்து, நீ எந்தத் திசையில் போகிறாய், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று முடிவுகட்ட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கோணத்துக்குத் தெரியவேண்டும் என்பதையே எடுத்துக்கொள். முன்னோக்கி ஒளிரும் வெள்ளை மாஸ்ட்ஹெட் (கொடிமர) விளக்குக்கு 225 டிகிரி, பக்க விளக்கு ஒவ்வொன்றுக்கும் 112.5 டிகிரி, பின்விளக்குக்கு 135 டிகிரி என்று தனித்தனி எண்களாகப் படித்தால் அவை தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். பீமுக்கு, அதாவது கப்பலின் நேர்ப் பக்கவாட்டுத் திசைக்கு, 22.5 டிகிரி பின்னே பக்க விளக்கு மறைந்து பின்விளக்கு தெரியத் தொடங்குகிறது என்பதைப் பார்; 13-ஆம் விதி, முந்திச் செல்லும் கப்பல் எது என்பதற்கு அதே 22.5 டிகிரியைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. ஒரு கப்பலின் பின்விளக்கு மட்டும் கண்ணில் பட்டு, அதை நீ நெருங்கிக்கொண்டும் இருந்தால், நீ முந்துகிறாய், ஒதுங்க வேண்டியவள் நீதான். பிறகு நீ அதன் பக்கவாட்டுக்கு வந்து அதன் பக்க விளக்கைக் கண்டாலும், முழுவதும் கடந்து விலகும்வரை அந்தக் கடமை மாறாது. சந்தேகம் வந்தால், முந்துகிறோம் என்றே கொள்ளவேண்டும்.

நான் தேர்ட் மேட்டாக (மூன்றாம் நிலை கப்பல் அதிகாரியாக) சேர்ந்த முதல் ஆண்டில் நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வாட்ச் (பிரிட்ஜில் காவல் பணி); கேப்டன் கீழே அறையில் இருந்தார். வலப்பக்க முன்புறத்தில் இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தன, சற்று நெருங்கியதும் அவற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு, அந்தக் கப்பலின் இடப்பக்க விளக்கு. பிரிட்ஜின் வலப்பக்க ஓரமான விங்குக்குப் போய், கைரோ திசைகாட்டியின் அளவைக் காட்டும் ரிப்பீட்டரில் பேரிங் எடுத்தேன், அதாவது அந்தக் கப்பல் தெரியும் திசையை டிகிரியில் அளந்தேன்: 050. சில நிமிடங்கள் கழித்து மறுபடி எடுத்தபோதும் 050. பேரிங் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் அபாயம் உண்டு என்று 7-ஆம் விதி சொல்வதும், என் வலப்பக்கத்தில் அவர் இருப்பதால் 15-ஆம் விதிப்படி வழிவிட வேண்டியவன் நான் என்பதும் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தன. ஆனால் கோர்ஸ் (செல்திசை) கோட்டைவிட்டு அதிகம் விலகினால் காலையில் கேப்டன் என்ன சொல்வாரோ என்ற கூச்சத்தில், ஆட்டோ பைலட்டில் ஐந்து டிகிரி மட்டும் வலப்பக்கம் திருப்பினேன். பேரிங் அரை டிகிரி நகர்ந்தது. இன்னொரு ஐந்து. அப்புறம் இன்னொரு ஐந்து. அதற்குள் அந்தக் கப்பலிலிருந்து ஒரு வெள்ளை விளக்கு எங்களை நோக்கி ஐந்து முறை படபடவென்று மின்னியது. உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை, அல்லது நீ செய்வது போதுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்பதற்கான குறி அது. கேப்டனை அழைத்தேன். அவர் வந்து ஒரே பார்வையில் நிலைமையைப் பிடித்துக்கொண்டு, கையால் சுக்கான் பிடிக்க ஆளை நிறுத்தி, அந்தச் சிவப்பு விளக்கு எங்கள் இடப்பக்கத்துக்கு வரும்வரை கப்பலை வலப்பக்கம் திருப்பச் சொன்னார். கடந்து விலகிய பிறகு அவர் திட்டவில்லை. "அந்த ஆள் அரை மணி நேரமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு நீ திரும்பவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

எடுக்கும் நடவடிக்கை, கண்ணாலோ ரேடாராலோ பார்க்கும் மற்றக் கப்பலுக்கு உடனே புலப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும், சிறுசிறு திருப்பங்களை அடுத்தடுத்துச் செய்யக்கூடாது என்று 8-ஆம் விதி சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. விதியில் எத்தனை டிகிரி என்ற எண் இல்லை. கடலில் இடம் இருந்தால் முப்பதுக்குக் குறையாமல் திருப்புவது என் வழக்கமாயிற்று.

இனி உன்னைத் தடுமாறவைக்கும் 17-ஆம் விதிக்கு வருகிறேன். உன் கடிதத்தில் "எனக்கு உரிமை இருக்கும்போது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை இப்போதே மறந்துவிடு. சர்வதேச விதிகள் எந்தக் கப்பலுக்கும் வழி உரிமை என்று ஒன்றைத் தரவில்லை. ஒரு கப்பலுக்கு விலகும் கடமை, மற்றதற்குக் கோர்ஸையும் வேகத்தையும் மாற்றாமல் வைத்திருக்கும் கடமை, அவ்வளவுதான். நீ மாறாமல் இருந்தால்தான், விலகவேண்டியவர் போடும் கணக்கு பொய்க்காமல் இருக்கும். அவர் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெளிவானதும் நீ செயல்படலாம். அவர் ஒருவர் விலகினால் மட்டும் மோதல் தவிராது என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால் நீ செயல்பட்டே ஆகவேண்டும். அந்த "லாம்" என்பதற்கும் "ஆகவேண்டும்" என்பதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள்தான் வாட்ச் நிற்பவர்களுக்குக் கடினமானவை என்பது என் எண்ணம். அப்போது ஐந்து குறும் ஒலிகளை எழுப்பத் தயங்காதே. உன் இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்காக, சூழ்நிலை இடம் கொடுத்தால், நீ இடப்பக்கம் திரும்பக்கூடாது என்ற தடையையும் எதிர் பிரிட்ஜிலிருந்து பார். கடைசி நிமிடத்தில் விழித்துக்கொள்பவர் உன் பின்னால் போவதற்காக வலப்பக்கம்தான் திருப்புவார்; அந்த நேரத்தில் நீ இடப்பக்கம் திருப்பியிருந்தால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். (விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். பதில் சொன்ன குரல் நீ பார்க்கும் விளக்குக்கு உரியதுதானா என்று இருட்டில் உறுதியாகத் தெரியாது. எனக்கு அந்தப் பழக்கம் பிடிப்பதில்லை.)

மூடுபனியில் இந்தக் கணக்கு முழுவதும் மாறுகிறது. ஒன்றையொன்று கண்ணால் காணாத கப்பல்களுக்கு 19-ஆம் விதிதான். அதில் கோர்ஸையும் வேகத்தையும் மாற்றாமல் போகவேண்டிய கப்பல் என்று எதுவும் கிடையாது, இருவருமே விலகவேண்டியவர்கள். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்கக் கிழக்குக் கரையோரத்து நான்டக்கெட் தீவு அருகே ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் வந்தன. ஒன்று வலப்பக்கமாகக் கடப்போம் என்று நம்பியது, மற்றது இடப்பக்கமாகக் கடப்போம் என்று நம்பியது. டோரியா இன்னும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கட்டும் என்று சிறிதளவு இடப்பக்கம் திரும்பியது. ரேடாரில் கண்டதைக் குறித்துக் கணக்கிடவும் இல்லை. கடைசியில் டோரியா இடப்பக்கமும் ஸ்டாக்ஹோம் வலப்பக்கமும் திரும்ப, 51 பேர் இறந்தார்கள். போதாத ரேடார் தகவலை வைத்து அனுமானம் செய்யாதே என்று 7-ஆம் விதியில் உள்ள வரியைப் படிக்கும்போதெல்லாம், என்னுடைய அந்த ஐந்து டிகிரிகள் எனக்கு நினைவுக்கு வரும்.

உனக்கு ஒரு கணக்கு அனுப்புகிறேன். மூடுபனி, நீ வழக்கம்போல இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஒலி எழுப்பிக்கொண்டு, பாதுகாப்பான வேகத்தில் போகிறாய். உன் வலப்பக்கத்தில், பீமுக்குச் சற்றுப் பின்னே, ரேடாரில் ஒரு கப்பல் தெரிகிறது. தூரம் குறைகிறது, பேரிங் மாறவில்லை. வலப்பக்கம் திருப்புவதே கைப்பழக்கமாகிவிட்ட உனக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்புவாய், அல்லது வேகத்தை என்ன செய்வாய், அப்போது அந்தக் கப்பலின் ரேடாரில் நீ எப்படித் தெரிவாய் என்பதை அடுத்த கடிதத்தில் படம் வரைந்து எழுது.

அன்புடன்,
அப்பா