கொடுத்தவர் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வெளிநாட்டு உதவி பெறுவோர் முதலில் கணக்கு வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்' என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதைத் தேவகோட்டைப் பக்கத்து ஆள் ஒருவன் படித்துத் தொலைப்பான் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஐயா பன்னிரண்டு வயதில் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக இருந்து கணக்குப் பழகுபவர்) பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். பேரேட்டில் காலணா இடித்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிடையாது.

பழம்பெருமை போகட்டும், நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருணிக் கரையில் வெளிநாட்டு உதவியில் குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வைத்தார்கள். ஊர்க் கமிட்டிக்கு நான்தான் பொருளாளர். வரத்துக்காலைத் தூர்வாரி, இடிந்த படித்துறையைக் கட்டித் தாருங்கள் என்றுதான் கேட்டோம். 'திட்டத்தில் அதற்கு இடமில்லை' என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டோம்.

திறப்பு விழாவுக்கு எட்டு டீ வாங்கினேன். அதற்கு ஆங்கிலத்தில் ரசீது வேண்டுமாம். டீக்கடைக்காரரிடம் பில் புத்தகம் ஏது? நானே ஒன்று வாங்கி, கடைப் பெயரையும் எழுதி, 'ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா' என்று நீட்டினேன். ஏதோ கடன் பத்திரம் என்று பயந்துபோய் மகனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போட்டார். எந்திரம் என்ன விலை என்று நான் கேட்டதற்கு மட்டும், 'அதைத் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.' ஒன்றரை வருடத்தில் வடிகட்டி போயிற்று. மாற்று அந்த நாட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். இப்போது அந்த அறையில் ஆடு கட்டுகிறார்கள்.

எங்கள் சரக்கையே வாங்கு என்று கட்டுப்போட்டுத் தரும் உதவியில் செலவு 15 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யே சொல்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வோம் என்று 2005இல் பாரிசில் ஒப்புக்கொண்டது தங்களுக்குத் தெரியாததா? அங்கே வைத்த, 2010க்குள் எட்ட வேண்டிய 13 இலக்குகளில் எட்டியது ஒன்றே ஒன்று. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. தீர்மானம் போட்டது 1970இல். 2024இல் அந்தக் கோட்டைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். கணக்குப் பழக வேண்டியது யாராம்?

கொடுத்தவன் பக்கமும் நாங்கள் இருந்து பார்த்திருக்கிறோம். பர்மா விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்துச் செட்டியார்கள். 1930களில் நெல் விலை விழுந்து, கடன் அடைபடாமல், கீழ்பர்மாவின் நெல் வயலில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் வெறுத்தார்கள். 1942இல் ஜப்பான் படை புகுந்தபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள், எங்கள் ஐயாவும். 'வட்டி சரியா வந்துச்சான்னு பாத்தோம், வெள்ளாமை வந்துச்சான்னு பாக்கல' என்பார்.

இதையெல்லாம் தங்கள் இதழ் எழுதாது. செட்டிநாடு என்றால் கோழிக் குழம்பும் ஆத்தங்குடிக் கல்லும்தானே! ஊருணிகள் தூர்ந்து கிடப்பதைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தை மூன்று வரியாக நறுக்கி, 'நகைச்சுவை' பக்கத்தில் போட்ட கைங்கரியத்தையும் மறக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாக்கியத்தில் 'பெறுவோர்' என்பதை 'கொடுப்போரும் பெறுவோரும்' என்று மாற்றி, ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் நறுக்குவதாக இருந்தால் எங்கள் ஐயாவை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், டீக்கடை ரசீது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
தேவகோட்டை அருகிலிருந்து