ஞாயிற்றுக்கிழமை கொத்தாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போடக் கிளம்பிவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. விடுதி அறை ஜன்னலில் ஒரு தொட்டி வைத்தாலே பூச்சி வரும் என்று புலம்பியவன் நீ! மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டம் முழுவதையும் கொத்திப் போடப் போவதாக மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறாய். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கொத்தாதே.

உன் மூட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. குளிர்காலக் கடைசியில் மண் ஈரம் குடித்துக் கனத்துக் கிடக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், ஒரு சாண் கீழே சேறாக இருக்கும். அந்த ஈரத்தில் வெட்டினாலும் மிதித்தாலும் மண்ணுக்குள் காற்றும் நீரும் போகிற இடைவெளிகள் நசுங்கி அடைபட்டுவிடும். களிமண் என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறியதும் கட்டி கட்டியாக இறுகி, அந்தப் பருவம் முழுக்க வேர் இறங்க வழியில்லாமல் செடி திண்டாடும். நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பார். விரலால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை செய்யலாம். பிசைந்த மாவு மாதிரி உருண்டு நின்றால் ஒரு வாரம் போகட்டும், மறுபடி பார்.

அதுவும் போக, எல்லா இடத்தையும் கொத்தத்தான் வேண்டுமா? புல் மண்டிய இடம் என்கிறாய். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உரித்துவிட்டு, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நன்றாக நனை. மேலே நான்கு அங்குலத்துக்கு மக்கிய உரம் போடு. வெளிச்சம் கிடைக்காமல் புல் செத்துவிடும். அட்டையும் நாளடைவில் மக்கிப்போகும், மண்புழுக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆழமாக வேரோடும் கொடிக்களைகள் மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. அவற்றைத் தலை தூக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, உரம் நிறைய வேண்டும். நான்கடி அகலம், பத்தடி நீளத்தில் ஒரே ஒரு பாத்திக்குக் கணக்குப் போட்டால் சுமார் 380 லிட்டர் வருகிறது. நீ படம் வரைந்து அனுப்பியிருக்கும் எட்டுப் பாத்திகளுக்கு எவ்வளவு என்று நீயே பெருக்கிக்கொள். எனக்கு அந்தப் படத்தில் பிடிக்காததும் அதுதான். முதல் வருடத்துக்கு இரண்டு பாத்தி தாராளம். நடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு தண்ணீர், களை, பூச்சி, பந்தல் என்று கோடை முழுவதும் ஆள் கேட்கும். எட்டுப் பாத்தியோடு தொடங்குகிறவர்கள் பாதிக் கோடையில் களையிடம் தோற்று ஒதுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அகலத்தை நான்கடிக்கு மேல் கூட்டாதே. இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது.

எங்கே போடுவது என்று நீ கேட்கவே இல்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது வெயில் விழும் இடத்தை நம்பிக் குச்சி நட்டுவிடாதே. சூரியன் தாழ்வாகப் போகும் பருவம் இது. வீட்டுச் சுவரின் நிழல் நீளமாக விழுந்து நல்ல இடத்தைக்கூட இருட்டாகக் காட்டும், கோடையில் அது சுருங்கிவிடும். இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் மரம் இதற்கு நேர்மாறு. அதன் அடியில் இப்போது பளிச்சென்று வெயில் அடிக்கும், இலை விட்டதும் முழு நிழல். தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி போலக் காய்ப்பவற்றுக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைகள் நாலு மணி நேரத்திலும் சமாளித்துக்கொள்ளும்.

சரி, விதைக்கு வருகிறேன். பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன விதைப் பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னாய். உறைகளில் தேதி இருந்தால் பார். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகம். மிளகாய் இரண்டு மூன்று வருடம், பட்டாணியும் பீன்ஸும் மூன்று, தக்காளி நாலைந்து வருடம்கூடத் தாங்கும். வெள்ளரி, பூசணி ஐந்து வருடம் வரை கவலையில்லை. இதெல்லாம் காய்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால். சந்தேகமானதில் பத்து விதையை எண்ணி ஈரக் காகிதத் துணியில் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வை. ஏழெட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் புதிதாக வாங்கிவிடு. இது இந்தக் குளிரிலேயே வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, மூட்டுக்கும் நல்லது.

எப்போது விதைப்பது என்பதற்கு உன் பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக எந்தத் தேதியில் விழுகிறது என்று விசாரித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை, எட்டு முதல் பத்து வாரம் முன்பு வீட்டுக்குள் விதைக்கலாம். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம். வெள்ளரிக்கும் பூசணிக்கும் மூன்று நான்கு வாரம் போதும், அவை தொட்டிக்குள் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால் பிறகு தேறுவது கஷ்டம். பட்டாணி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி எல்லாம் லேசான பனிக்கு அஞ்சாதவை. மண் உதிரும் பதத்துக்கு வந்ததுமே நேராகப் பாத்தியில் போடலாம். கேரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும், அதனால் அதற்கும் நேரடி விதைப்புத்தான். பீன்ஸ் மட்டும் மண் 15 டிகிரி செல்சியஸாவது சூடேறும் வரை காத்திருக்கட்டும், குளிர்ந்த ஈர மண்ணில் முளைப்பதற்குள் அழுகிவிடும். ஒன்றை மறக்காதே. அந்தக் கடைசி உறைபனித் தேதி பெரும்பாலும் ஒரு சராசரிதான். அதைத் தாண்டியும் பனி விழுகிற வருடங்கள் நிறைய உண்டு.

தக்காளியைச் சீக்கிரம் விதைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்று உன் மனைவி சொல்வதாக எழுதியிருந்தாய். தங்கையிடம் இதைப் பக்குவமாகச் சொல். ஜன்னலோரம் மாதக்கணக்கில் வெளிச்சம் தேடி நூலாக நீண்ட நாற்றைவிட, தாமதமாக விதைத்துக் குட்டையாக, தண்டு தடித்து நிற்கும் நாற்று தரையில் வேர்பிடித்து முந்திவிடும். இந்தப் பருவத்து ஜன்னல் வெளிச்சம் நாற்றுக்குப் போதாது. சாதாரண எல்இடி குழல்விளக்கு ஒன்றை நாற்றின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடு. செடி வளர வளர விளக்கையும் உயர்த்து. இரவில் அணைத்துவிடு.

நாற்றழுகல் என்று ஒன்று இருக்கிறது. நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று காலை மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு மெலிந்து சாய்ந்து கிடக்கும். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகளின் வேலை அது, வந்த பிறகு மருந்தில்லை. பழைய தட்டுகளைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து முக்கி எடுத்து, அலசிக் காயவை. தோட்டத்து மண்ணை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, தேங்காய் நார்த்தூள் மாதிரி சுத்தமான கலவையை நிரப்பு. தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடு. ஒரு சின்ன மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் இன்னும் நல்லது.

அப்புறம், பச்சைச் சாணம் இலவசமாகக் கிடைக்கிறது, போடலாமா என்று கேட்டாய். இப்போது வேண்டாம். அதில் நோய்க்கிருமிகள் இருக்கும். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மைச் சான்று விதிகளிலேயே, மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் பச்சை எருவை நிறுத்திவிட வேண்டும் என்று இருக்கிறது. வசந்தத்தில் போட்டுவிட்டுக் கோடையில் கீரை பறிக்கிற கணக்கு உதைக்கும். மூலையில் குவித்து மக்கவிடு, அடுத்த வருடத்துக்கு ஆகும். அந்த மாடுகள் தின்ற புல்லில் களைக்கொல்லி தெளித்தார்களா என்றும் கேட்டுக்கொள். சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைத் தாண்டிச் சாணத்திலும் தங்கி, தக்காளி, பீன்ஸ் இலைகளைச் சுருட்டிவிடும். அந்த எருவில் கொஞ்சம் கலந்து ஒரு தொட்டியில் நாலு பீன்ஸ் விதை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டேன். பேத்தி என்னிடம் கத்திப் பேசிப் பழகிவிட்டாள், இப்போதும் அதே சத்தம்தான். நம் மூன்றாவது ஆள் கண் அறுவை முடிந்து நலமாக இருக்கிறான். சீட்டு விளையாட்டில் இனி ஏமாற்ற முடியாது என்று மிரட்டுகிறான். வேலை நாட்களில் நாம் எல்லாவற்றுக்கும் அவசரப்பட்டோம், நினைவிருக்கிறதா? இப்போது வாரக்கணக்கில் காத்திருப்பது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. உனக்கும் பழகிவிடும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே.

இந்தக் கடிதத்தோடு என் மிளகாய் விதையில் பாதியை மடித்து வைத்திருக்கிறேன். போன பருவத்தில் எடுத்தது, முளைக்கும். மிளகாய் முளைக்க மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது, அதனால் வீட்டிலேயே சூடான இடமாகப் பார்த்துத் தட்டை வை. முளை தெரிந்த அன்றே விளக்கடிக்கு மாற்று. எட்டுப் பாத்திப் படத்தை இரண்டாகக் குறைத்து மறுபடி வரைந்து அனுப்பு. மூட்டுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் அதே தாளில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்