தங்கச்சிக்கு மின்சைக்கிள்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஜூரோங் வெஸ்ட்,
சிங்கப்பூர்.

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலம். உங்கள் அனைவரின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் அம்மாவும் தம்பியும் ஒரே நேரத்தில் பேசுவதால் எதுவும் முழுமையாகக் காதில் விழுவதில்லை. நீங்கள் நிதானமாகத் தாளில் எழுதிய பிறகுதான் தங்கச்சியின் பள்ளி ஆசிரியை வேலையும் மாலைப் பேருந்தும் வண்டி வாங்கும் பேச்சும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பது எனக்குத் தெளிவாயிற்று. மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலை எட்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் தங்கச்சிக்குப் பயணச் செலவு இல்லை, ஆகவே வண்டி எதற்கு என்று மேலத்தெரு சித்தப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சிறப்பு வகுப்பு முடிந்து அவள் வெளியே வரும்போது பேருந்து போய்விட்டால், அடுத்த பேருந்துக்காக மன்னார்குடி நிலையத்தில் இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புக்குப் பணத்தில் விலை சொல்ல முடியாது. வண்டி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்த வண்டி, எவ்வளவுக்கு என்பதைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

நானும் இங்கே வேலைக்கு மின்சைக்கிளில்தான் போய் வருகிறேன். துவாஸ் வரை ரயில் வருகிறது என்றாலும் எங்கள் தொழிற்சாலை நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது; பின்னிரவில் வேலை முடியும் நாட்களில் ரயிலும் ஓடாது. வீட்டிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். புதிய வண்டி 1,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ஆகும் என்பதால், ஊருக்குத் திரும்பும் ஒருவரிடமிருந்து பழைய வண்டியை அதில் பாதிக்கும் குறைவாக வாங்கி, முறைப்படி என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது ஓவர்டைம் அவ்வளவாக இல்லாததால் ஓய்வு நன்றாகக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் போட நேரம் இருக்கிறது. இரவில் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிடுகிறேன், வயிற்றுக்கும் அதுதான் நல்லது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்த ஊரில் மின்சைக்கிளுக்குச் சட்டதிட்டம் மிகவும் கண்டிப்பானது. மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் மோட்டார் தானாக ஓய்ந்துவிட வேண்டும். வண்டியின் எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வர வேண்டும், கைப்பிடியைத் திருகி ஓட்டுகிற த்ராட்டில் அறவே கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் பதிவெண் பலகையும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் எழுத்துத் தேர்விலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நடைபாதையில் ஏறினால் தண்டனை. தொடக்கத்தில் இவையெல்லாம் எனக்குக் கெடுபிடியாகத் தோன்றின. இப்போது, நம் தங்கச்சிக்கு வாங்கும் வண்டியும் ஏறக்குறைய இந்த அளவுகளுக்குள் இருப்பதே நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. நம் நாட்டிலும் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட இலகுவான பேட்டரி வண்டியை மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். தம்பி சொல்லும் ஸ்கூட்டர் ஓசூரிலேயே தயாராவது, நல்ல வண்டி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை ஒரு லட்சத்தைத் தொடும், உரிமம், பதிவு, காப்பீடு எல்லாம் சேரும், மாதத் தவணை தங்கச்சியின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும். போக வர 18 கிலோமீட்டர் தொலைவுக்கு, மேடு பள்ளமில்லாத நம் சமவெளியில், அவ்வளவு பெரிய வண்டி தேவையே இல்லை. 30,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்குள் அடங்கும் மின்சைக்கிளே போதும்.

கடைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். ஒரு முறை ஏற்றினால் 50 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் ஓடும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அது எடை குறைந்த ஒருவர், காற்றில்லாத நேரத்தில், மோட்டாரின் துணையை மிகக் குறைவாக வைத்து, நன்றாக மிதித்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கு. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் தம்பியைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி; பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு அதுதான். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி அளவில் செலவாகும். மிதிக்காமல் திருகிக்கொண்டே போனால் 15-லிருந்து 20 வரைகூட ஆகும். நம் பக்கத்து ஆடிக் காற்றில் மேற்கே பார்த்து ஓட்டினால் இன்னும் கூடுதலாகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று 6, 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு வாங்கிவிட்டால் இன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்து கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் பிள்ளை பாதி வழியில் கனமான சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவாள். ஆகவே 10 ஆம்பியர்-மணிக்குக் குறைந்து எதையும் பார்க்க வேண்டாம். அந்தப் பணத்தை வேறு எங்கே வேண்டுமானாலும் மிச்சப்படுத்தலாம்: கியர் அதிகம் வேண்டாம், கைப்பேசியோடு இணையும் திரை வேண்டாம், மிதிக்கட்டையின் நடுவில் மோட்டார் வைத்த விலையுயர்ந்த வண்டியும் சமவெளிக்குத் தேவையில்லை.

ஈய-அமில பேட்டரி போட்ட வண்டி இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கவே வேண்டாம். கனம் அதிகம், ஆயுள் குறைவு. லித்தியம்தான் வேண்டும், அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நம் விலைக்குள் கிடைத்தால் சற்றுக் கனமாக இருந்தாலும் அதையே எடுங்கள், வெயிலைத் தாங்குவதிலும் நீண்ட காலம் உழைப்பதிலும் அது மேலானது.

இவற்றில் பாதியை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் அடுத்த வீட்டுச் சீனத் தாத்தா. சென்ற பொங்கலுக்கு அம்மா அனுப்பிய முறுக்கில் பாதியைச் சாப்பிட்டவர் அவர்தான். இளவயதில் செம்பவாங் கப்பல் பட்டறையில் நம்மவர்களோடு வேலை பார்த்ததால் தமிழ் ஓரளவு பேசுவார். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பார். யார் சைக்கிளைக் கண்டாலும் எழுந்துபோய், கேட்காமலேயே பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பார். சக்கரம் நின்ற பிறகுதான் பேசுவார். சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு, அவர் பொருட்படுத்துவதில்லை. நான் இந்த வண்டியை வாங்கப் போனபோது அவரையும் அழைத்துச் சென்றேன். முழுவதும் ஏற்றிய 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும் என்பதால் நான் மீட்டரை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன். நின்றுகொண்டிருக்கும்போது எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான் என்று சொல்லி, அருகிலிருந்த மேம்பாலத்து ஏற்றத்தில் என்னை ஓட்டச் செய்தார். திரையில் பேட்டரி அளவு சட்டென்று சரிகிறதா என்று பார்த்த பிறகே விலை பேச விட்டார். ஊரில் புதிய வண்டி வாங்கினாலும் தம்பி அதை ரயில்வே பாலத்தின் மேல் ஒருமுறை ஏற்றிப் பார்க்கட்டும்.

அந்தத் தாத்தா ஒருநாள், 1960-களுக்கு முன்பு இந்த ஜூரோங் முழுவதும் அலையாத்திச் சதுப்பும் இறால் குட்டைகளுமாக இருந்தது என்று சொன்னார். நீங்கள் எங்களை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் அழைத்துப் போன நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. அப்பா, இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டித்தான் எழும். இரவு வேலை முடிந்து அகலமான சாலையில் இருட்டிலேயே ஓட்டி வரும்போது, சில நாட்களில் மழைக்கு முன்வரும் மண் வாசனை திடீரென்று வருகிறது. நாற்றங்காலில் நீங்கள் நிற்பதும், அம்மா வாசல் தெளிப்பதும் கண்முன் வந்துவிடுகின்றன. நான் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றுவிட்டு, மனம் அடங்கிய பிறகு வருகிறேன். இந்த ஆண்டு நடவுக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

வண்டிப் பேச்சுக்கு வருகிறேன். தங்கச்சி புடவையில் போகிறவள் என்பதால் நடுக்கம்பி தாழ்ந்த சட்டமும், சங்கிலிக்கு முழு மூடியும், பின்சக்கரத்துக்குப் புடவைக் காப்பும் இருக்க வேண்டும். பேட்டரியைச் சாவியால் கழற்றி எடுத்துச் செல்லும்படி இருந்தால் பள்ளியிலேயே ஏற்றிக்கொள்ளலாம், மழைக்காலத்தில் வண்டி வெளியில் நனைந்தாலும் பேட்டரி வீட்டுக்குள் இருக்கும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நின்றுவிடுகிறதா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும், நம்மூரிலேயே அதைச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும்விட, பெருமாள் கோயில் தெருப் பஞ்சர் கடைக்காரரிடம் வண்டியின் படத்தைக் காட்டி, மோட்டார் உள்ள பின்சக்கரத்தின் ஒயரைப் பிரித்துக் கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். இணைப்பான் வைத்த ஒயர் என்றால் அவரால் முடியும். அவர் முடியாது என்று சொன்னால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். கடை மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ இருக்க வேண்டும், பேட்டரிக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று தம்பி சொன்னால், பேட்டரி பழுதானால் யாரிடம் போவது என்று அவனையே கேளுங்கள்.

பேட்டரி ஏற்றுவதில் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. 2019-இல் இங்கே புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடொன்றில் மின்ஸ்கூட்டர்களிலிருந்து மூண்ட தீயில் ஒருவர் உயிரிழந்தார். நாம் கூடத்தில் வைக்கோலும் சாக்கும் அடுக்கி வைக்கிறவர்கள். ஆகவே அங்கே ஏற்ற வேண்டாம். தெருக்கதவின் வழியையும் மறிக்காமல், முன்திண்ணையின் சிமெண்டுத் தரையில், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டுமே ஏற்றுங்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் மாட்டாமல் சூடு ஆறிய பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நான் இரண்டு தவணையாக அனுப்புகிறேன். இந்த மாதம் ஒரு பகுதி, ஆடி பிறந்ததும் மீதி. வெள்ளிக்கு ரூபாய் மதிப்பு சற்று ஏறட்டும் என்றுதான் பிரித்து அனுப்புகிறேன், வேறொன்றும் இல்லை. முழுத்தொகையும் சேர்ந்த பிறகு வாங்கினால் போதும். அதுவரை சிறப்பு வகுப்பு நாட்களில் தம்பி போய் அவளை அழைத்து வரட்டும். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் வளையல்களின் வட்டியைத் தவணை தவறாமல் கட்டி, ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அத்தை மகளின் வளைகாப்புக்கு என் பெயரிலும் மொய் எழுதிவிடுங்கள். வடக்குக் கொல்லையின் குத்தகையைச் சித்தப்பாவுக்கே இன்னோர் ஆண்டு விடுவதில் எனக்கு முழுச் சம்மதம், ஆனால் இந்த முறை எழுத்தில் இருக்கட்டும். முன்திண்ணை மின்செருகியில் எர்த் ஒயர் இருக்கிறதா என்று மின்வாரியத்து மாமாவை வரவழைத்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் வண்டி வருவதற்குள் போட்டுவிடுங்கள். அதற்கு ஆகும் செலவைத் தனியாக எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.